ஆகாயத்தில் புலி, தரையில் ஆடு!

துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் விமானத்தைச் சேர்த்தால் என்ன ஆகும்?

தரையில் 30 பேர் துப்பாக்கியும் கையுமாக ஓடுகிறார்கள். வானத்தில் ஒரே ஓர் ஆகாய விமானம் வட்டமிடுகிறது.

திடீரென்று அது மூக்கைத் தாழ்த்திப் பாய்கிறது. குண்டு மழை பொழிகிறது. கண் மூடித் திறப்பதற்குள் 5 பேர் காலி!

மற்றவர்கள் அண்ணாந்து பார்க்கிறார்கள். விமானத்தைக் காணோம். அது மலைக்கு அப்பால் போய்விட்டது. அடுத்த நிமிடம் மறுபடியும் வரும். மறுபடியும் 5 பேர் போவார்கள்.

இது யுத்தகளம் அல்ல. செல்போனிலும் கம்ப்யூட்டரிலும் நடக்கிற விளையாட்டு.

நாகர்கோவில் வடசேரி ஆனாலும் சரி, தக்கலை, மார்த்தாண்டம், குளச்சல் ஆனாலும் சரி, மாலை நேரத்தில் நாலு வாலிபர்கள் கூடிக் குனிந்து செல்போனைப் பார்த்துக்கொண்டு இருப்பதைக் காணலாம். அவர்களில் ஒருவராவது இப்படிப்பட்ட சண்டை விளையாட்டில் மூழ்கி இருக்கக்கூடும்.

"சோறு ஆறிப்போகுது, மக்கா!" என்று தாய் கூப்பிடுவது காதில் விழாது. "ஒரு நிமிஷம்மா, தலைக்கு மேலே ஹெலிகாப்டர் வருது!" என்பான் பிள்ளை.

பெரியவர்களுக்கு இது வெறும் "டுமீல், டுமீல்". ஆனால் இந்த விளையாட்டை உருவாக்குகிறவர்களுக்கு அந்த ஒரு விமானம் பெரிய தலைவலி.

விமானத்தை ஓட்டுவது கஷ்டமாக இருக்க வேண்டுமா? சுலபமாக இருக்க வேண்டுமா? இந்தக் கேள்விக்கு 20 ஆண்டுகளுக்கும் மேலாக விடை தேடிக்கொண்டு இருக்கிறார்கள்.

பாட்டிக்குத் தெரிந்த கணக்கு

இந்தக் கணக்கு தமிழ்நாட்டுக்குப் புதியது அல்ல. ஆடு புலி ஆட்டம் ஆடியவர்கள் எல்லோருக்கும் இது தெரியும்.

ஆடு புலி ஆட்டத்தில் 3 புலிகள். 15 ஆடுகள். கோயில் மண்டபங்களின் கல் தரையில் இதற்கான கட்டம் செதுக்கப்பட்டு இருப்பதைப் பல ஊர்களில் இன்றும் காணலாம்.

புலிக்குப் பலம் அதிகம். அது ஆட்டைத் தாண்டிக் குதித்து வெட்டும். ஆட்டால் வெட்ட முடியாது. 15 ஆடுகளையும் கட்டத்தில் வைத்து முடிக்கும் வரை நகரக்கூட முடியாது.

அப்படியானால் புலிதானே எப்போதும் ஜெயிக்க வேண்டும்?

அதுதான் இல்லை! தனியாக நிற்கிற ஆட்டைத்தான் புலி வெட்ட முடியும். ஆட்டுக்குப் பின்னால் இன்னொரு ஆடு நின்றுவிட்டால் புலியால் தாண்ட முடியாது. ஆடுகள் ஒன்று சேர்ந்து நாலு பக்கமும் அடைத்துவிட்டால் புலி நகர வழி இல்லாமல் தோற்றுவிடும்.

புலிக்கு எண்ணிக்கை இல்லை. ஆட்டுக்குப் பலம் இல்லை. ஆனாலும் ஆட்டம் சமம்! முன்னோர்கள் போட்டு வைத்த கணக்கு அது.

சண்டை விளையாட்டில் விமானம்தான் புலி. தரையில் ஓடுகிறவர்கள் ஆடுகள். கணக்கு சரியாக இருந்தால் ஆட்டம் ருசிக்கும். தவறினால், ஒருவன் மட்டும் சிரிப்பான். மற்ற 30 பேரும் விளையாட்டை விட்டே போய்விடுவார்கள்.

2 நிமிடத்தில் கன்னியாகுமரி!

விமானம் வந்தால் மட்டும் ஏன் கணக்கு இவ்வளவு குழப்பம் ஆகிறது?

முதல் காரணம் வேகம்.

நாகர்கோவிலில் இருந்து கன்னியாகுமரிக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர். மணிக்கு 5 கிலோமீட்டர் நடக்கிற மனிதனுக்கு 4 மணி நேரம் ஆகும். மணிக்கு 600 கிலோமீட்டர் பறக்கிற விமானத்துக்கு 2 நிமிடம் போதும்!

விளையாட்டில் வருகிற போர்க்களமோ சில கிலோமீட்டர் அகலம்தான். மனிதன் ஓடினால் பெரிய இடம். விமானம் பறந்தால் கைக்குட்டை அளவு. மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால்கூட, ஒரு கிலோமீட்டர் அகலத்தை 12 விநாடியில் கடந்துவிடும்.

அந்த 12 விநாடிக்குள் விமானி கீழே இருப்பவனைக் கண்டுபிடிக்க வேண்டும். குறி பார்க்க வேண்டும். சுட வேண்டும். தரையில் மோதாமல் மேலே ஏறவும் வேண்டும். பழகாதவனுக்கு இது நடக்காத காரியம்.

இரண்டாவது காரணம் உயரம். மேலே இருப்பவனுக்கு எல்லாம் தெரியும். கீழே இருப்பவனுக்கு அண்ணாந்து பார்த்தால் ஒரு புள்ளிதான் தெரியும். யார் சுட்டார், எங்கிருந்து சுட்டார் என்று தெரியாமலே சாகிறவனுக்கு வரும் கோபம் கொஞ்சநஞ்சம் அல்ல!

நாலு வேலை, இரண்டு கை

மூன்றாவது காரணம்தான் முக்கியமானது. விமானம் ஓட்டுவது எப்படி என்பது.

நடக்கிற வீரனை ஓட்டுவது சுலபம். முன்னே, பின்னே, இடம், வலம். ஒரு விரலால் நடை. மறு விரலால் பார்வை. 10 நிமிடத்தில் யாரும் கற்றுக்கொள்வார்கள்.

விமானத்துக்கு அப்படி அல்ல. மூக்கை மேலே, கீழே ஆட்ட வேண்டும். இறக்கையைச் சாய்க்க வேண்டும். வால் சுக்கானைத் திருப்ப வேண்டும். வேகத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டும். நாலு வேலையும் ஒரே சமயத்தில்!

சைக்கிள் போல விமானத்தைத் திருப்ப முடியாது. முதலில் இறக்கையைச் சாய்த்து, பிறகு மூக்கை இழுக்க வேண்டும். அப்போதுதான் திரும்பும். இது தெரியாதவன் சுக்கானை மட்டும் திருப்பிப் பார்ப்பான். விமானம் தன் போக்கில் நேரே போய் மலையில் மோதும்.

வேகத்தை அதிகமாகக் குறைத்தாலும் ஆபத்து. விமானத்தைத் தாங்குவது இறக்கையைச் சுற்றி ஓடும் காற்றோட்டம். வேகம் போனால் தாங்குதலும் போகும். விமானம் கல் போல விழும்.

நிஜ விமானத்தில் இருக்கும் இந்தக் கஷ்டங்களை விளையாட்டில் எவ்வளவு வைப்பது, எவ்வளவு எடுப்பது? அங்கேதான் சிக்கல் ஆரம்பம்.

கஷ்டமாக இருந்தால்...

2002-ம் ஆண்டு சுவீடன் நாட்டு டைஸ் நிறுவனம் "பேட்டில்பீல்டு 1942" என்ற கம்ப்யூட்டர் விளையாட்டை வெளியிட்டது. இரண்டாம் உலக யுத்தம்தான் கதை. ஒரே களத்தில் 64 பேர் ஆடலாம். நடக்கலாம், டாங்கி ஓட்டலாம், கப்பலில் போகலாம், விமானத்திலும் பறக்கலாம்.

விமானத்தைக் கண்டதும் எல்லோருக்கும் ஆசை. ஓடிப்போய் ஏறினார்கள். ஏறியவர்களில் பலர் ஓடுபாதை முடிவதற்குள் மரத்தில் மோதினார்கள். தப்பித்து மேலே ஏறியவர்கள் கடலில் விழுந்தார்கள்.

சிலர் மட்டும் விடாமல் பழகினார்கள். அவர்கள் ராஜாக்கள் ஆனார்கள்!

இங்கே ஒரு விபரீதம். விமானங்கள் சில மட்டுமே. ஒன்று உடைந்தால் அடுத்தது வரக் காத்திருக்க வேண்டும். புதியவன் ஏறிக் கீழே போட்டால் அவன் பக்கத்துக்காரர்களே அவனைத் திட்டினார்கள். விமானத்துக்காக ஓடுபாதையில் வரிசை நின்றார்கள். தனக்குக் கிடைக்காத விமானத்தைத் தானே சுட்டு உடைத்தவர்களும் உண்டு.

புதியவன் பழக வேண்டும் என்றால் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஓட்டிப் பார்த்தால் ஏச்சு விழும். ஆகவே அவன் விமானத்தின் பக்கமே போகமாட்டான். பழகியவன் மேலும் மேலும் பழகுவான்.

2005-ல் வந்த "பேட்டில்பீல்டு 2" விளையாட்டில் ஜெட் விமானங்கள் வந்தன. அதில் ஜே-10 என்ற ஜெட் விமானம் ஆட்டக்காரர்களின் புகாருக்குப் பேர் போனது. கைதேர்ந்தவன் அதில் ஏறிவிட்டால் எதிர்ப் பக்கம் வானத்தையே மறந்துவிட வேண்டியதுதான்.

கஷ்டம் என்பது நியாயம் போலத் தோன்றும். "உழைத்தவன் அனுபவிக்கிறான்" என்று சொல்லலாம். ஆனால் அவன் உழைத்ததற்கு, உழைக்க வாய்ப்பே கிடைக்காத 30 பேர் விலை கொடுக்கிறார்கள் அல்லவா?

சுலபமாக இருந்தால்...

சரி, விமானத்தைச் சுலபமாக்கினால் என்ன? குழந்தைகூட ஓட்டலாமே!

அதையும் செய்து பார்த்தார்கள்.

"போர்ட்நைட்" என்பது அமெரிக்காவின் எபிக் கேம்ஸ் நிறுவனத்தின் விளையாட்டு. ஆட்டக்காரர்கள் மரம், கல் சேகரித்து, சுவர் எழுப்பி, கோட்டை கட்டிச் சண்டை போடுவது அதன் விசேஷம். 2018 டிசம்பரில் அதில் ஒரு குட்டி விமானத்தைச் சேர்த்தார்கள். ஒருவர் ஓட்டலாம். இறக்கை மேல் 4 பேர் நிற்கலாம். ஓட்டுவது மிகச் சுலபம்.

எல்லோரும் பறந்தார்கள். விமானம் கோட்டைகளை இடித்துத் தள்ளிக்கொண்டு போயிற்று. கஷ்டப்பட்டுக் கட்டியவன் கண் முன்னாலேயே கட்டடம் பொடிப்பொடி!

புகார் குவிந்தது. விமானத்தின் பலத்தைக் குறைத்துப் பார்த்தார்கள். போதவில்லை. 2019 பிப்ரவரி கடைசியில் விமானத்தை விளையாட்டில் இருந்தே எடுத்துவிட்டார்கள். மூன்று மாதம்கூட நிலைக்கவில்லை. பின்னால் சில சமயங்களில் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது உண்டு!

இன்னொரு உதாரணம். "கிராண்ட் தெப்ட் ஆட்டோ ஆன்லைன்" என்ற விளையாட்டு. இது வயது வந்தவர்களுக்கு மட்டுமானது. இதில் 2018-ல் ஒரு பறக்கும் மோட்டார் சைக்கிள் வந்தது. தேடிப் போய்த் தாக்கும் ஏவுகணையும் அதில் உண்டு. ஓட்டப் பழகத் தேவையே இல்லை. வேகமாகப் போகும், நினைத்த இடத்தில் நிற்கும், பட்டனை அழுத்தினால் எதிரி காலி.

பாடுபட்டு விமானம் ஓட்டப் பழகியவர்கள்கூட அதை மூலையில் போட்டுவிட்டு இதில் ஏறினார்கள். சும்மா தெருவில் காரில் போகிறவர்களுக்கும் நிம்மதி இல்லை. 4 ஆண்டுகள் புகார் எழுந்த பிறகு, 2022 ஜூலையில் அதன் ஏவுகணையின் குறியைப் பலவீனமாக்கினார்கள்.

விமானம் கஷ்டமாக இருந்தால் ஒருவன் ராஜா. சுலபமாகவும் பலமாகவும் இருந்தால் எல்லோரும் புலி. மேய ஆடு இல்லை! இரண்டும் ஆட்டத்தைக் கெடுக்கும்.

இரு பக்கமும் புகார்

தரையில் இருப்பவனுக்கு ஆயுதம் கொடுத்துச் சரி செய்யலாம் என்று நினைத்தார்கள். வெப்பத்தைத் தேடிப் பறக்கும் ஏவுகணை வந்தது. தோளில் வைத்து, விமானத்தைக் குறி பார்த்து, சில விநாடி பொறுத்து, விட்டால் போதும். அது விமானத்தைத் துரத்திக்கொண்டு போகும்.

இப்போது புகார் மேலே இருந்து வந்தது! "நாங்கள் மாதக்கணக்கில் பழகி ஓட்டுகிறோம். அவன் ஒரு பட்டனை அழுத்தி எங்களை வீழ்த்துகிறானே!" என்றார்கள் விமானிகள்.

அதற்கு மாற்றாக விமானிக்குத் தீப்பொறி வாணம் கொடுத்தார்கள். ஏவுகணை வருகிறபோது வாணத்தை விட்டால், அது வாணத்தின் வெப்பத்தைத் தேடிப் போய் ஏமாந்துவிடும். நிஜப் போர் விமானங்களிலும் இந்தத் தந்திரம் உண்டு.

ஆனால் ஒரு தடவை வாணம் விட்டால் அடுத்தது தயாராகக் கொஞ்ச நேரம் ஆகும். அதற்குள் இரண்டாவது ஆள் ஏவுகணை விட்டால் விமானம் தொலைந்தது.

கவனித்தால் இது ஆடு புலி ஆட்டத்தின் கணக்கேதான். தனி ஆள் சுட்டால் விமானம் தப்பிக்கும். இரண்டு பேர் பேசி வைத்துக்கொண்டு ஒருவர் பின் ஒருவராகச் சுட்டால் தப்பிக்காது. ஆட்டுக்குப் பின்னால் ஆடு நின்றால் புலிக்கு வழி இல்லை!

வாணம் இல்லாத ஏழை

இவ்வளவு நன்றாக யோசித்தவர்கள் ஓர் இடத்தில் சறுக்கினார்கள்.

2011-ல் வந்த "பேட்டில்பீல்டு 3" விளையாட்டில் தீப்பொறி வாணம் எல்லோருக்கும் கிடைக்காது. விமானத்தில் பறந்து புள்ளி சேர்த்தவனுக்குத்தான் கிடைக்கும்.

முதல் நாள் ஏறுகிறவனிடம் புள்ளி இல்லை. ஆகவே வாணம் இல்லை. எதிரியிடமோ வாணம், ஏவுகணை எல்லாம் உண்டு. பழகியவனிடம் கேடயம், பழகாதவன் வெறுங்கை!

இது எப்படி என்றால், நீச்சல் தெரிந்தவனுக்கு மட்டும் மிதவை கொடுப்பது போல. யாருக்கு அதிகம் தேவையோ அவனுக்கு இல்லை.

2013-ல் வந்த "பேட்டில்பீல்டு 4" விளையாட்டில் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். பயிற்சி மைதானம் ஒன்று வைத்தார்கள். அங்கே எதிரி இல்லை. திட்டுவதற்கு ஆள் இல்லை. எத்தனை தடவை வேண்டுமானாலும் விமானத்தை உடைக்கலாம். பழகிய பிறகு களத்துக்கு வரலாம்.

கன்னியாகுமரி மாவட்டத்தின் பழைய கலையான அடிமுறையில் எடுத்த எடுப்பில் ஆயுதம் கொடுப்பது இல்லை. முதலில் சுவடு பழக வேண்டும். கால் நிலைத்த பிறகே கைக்குக் கம்பு வரும். ஆசான்மார் வைத்த அந்தப் படி முறையைத்தான் கம்ப்யூட்டர் நிபுணர்களும் கடைசியில் வந்து சேர்ந்தார்கள்.

ஒரே விமானம், மூன்று வகுப்பு

"வார் தண்டர்" என்ற விளையாட்டு 2012-ல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அதை நடத்தும் கைஜின் நிறுவனத்தார் வேறு வழி கண்டுபிடித்தார்கள். ஒரே விமானத்துக்கு மூன்று வகுப்பு!

முதல் வகுப்பு ஆரம்பக்காரர்களுக்கு. எந்தப் பக்கம் போக வேண்டும் என்று காட்டினால் போதும். இறக்கையைச் சாய்ப்பதும் மூக்கைத் தூக்குவதும் கம்ப்யூட்டரின் வேலை. எதிரி விமானத்துக்கு எவ்வளவு முன்னால் சுட வேண்டும் என்று ஒரு குறியும் திரையில் தெரியும். குண்டு தீர்ந்தால் வானத்திலேயே நிரம்பிவிடும்.

இரண்டாவது வகுப்பில் உதவி குறையும். குண்டு தீர்ந்தால் விமான நிலையத்துக்குத் திரும்பி வந்து நிரப்ப வேண்டும்.

மூன்றாவது வகுப்பு கைதேர்ந்தவர்களுக்கு. விமானி அறைக்குள் உட்கார்ந்து பார்ப்பது போல மட்டுமே காட்சி தெரியும். எல்லா வேலையும் தானே செய்ய வேண்டும். கம்ப்யூட்டர் கை கொடுக்காது.

ஒவ்வொரு வகுப்புக்காரரும் தங்கள் வகுப்பாரோடு மட்டுமே மோதுகிறார்கள். ஒன்றாம் வகுப்புப் பையனைப் பத்தாம் வகுப்புப் பையனோடு ஓடவிடுவது இல்லை.

இதிலும் ஒரு குறை உண்டு. ஆட்டக்காரர்கள் மூன்றாகப் பிரிகிறார்கள். கூட்டம் குறைவான விளையாட்டில் இப்படிப் பிரித்தால் ஒவ்வொரு வகுப்பிலும் ஆள் போதாது.

பின் இருக்கையில் பாடம்

லாரியில் கிளீனராகப் போகிறவர் ஓட்டுநரைப் பார்த்துப் பார்த்தே ஓட்டக் கற்றுக்கொள்வது உண்டு. விளையாட்டிலும் அந்த வழி இருக்கிறது.

"பப்ஜி மொபைல்" விளையாட்டில் 2019 அக்டோபரில் ஹெலிகாப்டர் வைத்த ஆட்ட முறை ஒன்று வந்தது. ஒருவர் ஓட்ட, கூட்டாளிகள் உள்ளே இருந்து சுடலாம். ஓட்டத் தெரியாதவனுக்கும் அங்கே வேலை உண்டு. அவன் பயணியாக ஏறி, பார்த்து, மெல்லப் பழகலாம்.

ஹெலிகாப்டரைச் செல்போன் திரையில் ஓட்டுவதும் சுலபமாகவே இருந்தது. அதற்கு ஈடாகத் தரையில் இருப்பவர்களுக்கு ராக்கெட் கொடுத்தார்கள். ஹெலிகாப்டரின் "பட பட" சத்தம் தூரத்திலேயே கேட்டுவிடும். வருகிறது என்று தெரிந்தால் கட்டடத்துக்குள் ஒளியலாம். அல்லது குறி பார்த்துக் காத்திருக்கலாம்.

பலசாலி வரும்போது சத்தம் கேட்க வேண்டும். எளியவனுக்கு ஒளிய இடம் வேண்டும். இந்த இரண்டு மட்டும் இருந்தாலே பாதிப் புகார் குறைந்துவிடும்.

யாரும் ஓட்டாத விமானம்

பப்ஜி மொபைலுக்கு 2020 செப்டம்பரில் மத்திய அரசு தடை விதித்தது. அதன் இந்தியப் பதிப்பு 2021 ஜூலையில் வந்தது. அதுவும் 2022 ஜூலையில் நிறுத்தப்பட்டு, 2023 மே மாதம் திரும்பி வந்தது.

இந்த விளையாட்டின் வழக்கமான ஆட்டத்தில் ஒரு விமானம் உண்டு. அதை யாரும் ஓட்ட முடியாது!

ஆட்டம் தொடங்கும்போது 100 பேர் வரை ஒரே விமானத்தில் ஏறுகிறார்கள். அது தீவின் மேலே நேர்கோட்டில் பறக்கும். எந்தப் பக்கம் பறக்கும் என்பது ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். எங்கே குதிப்பது என்பது மட்டும் அவரவர் விருப்பம். பாரசூட்டை விரித்து இறங்கினால் சண்டை ஆரம்பம்.

நேற்றுச் சேர்ந்தவனும் நாலு வருஷம் ஆடியவனும் ஒரே விமானத்தில், ஒரே உயரத்தில், வெறுங்கையோடு நிற்கிறார்கள். இங்கே விமானம் யாருக்கும் ஆயுதம் அல்ல. எல்லோருக்கும் ஒரே வாசல்.

புலியை அடக்க முடியாதபோது, புலியை எல்லோரும் ஏறும் வண்டியாக மாற்றிவிட்ட சாமர்த்தியம் இது!

நிஜத்தில் விலை உயிர்

விளையாட்டில் விமானம் விழுந்தால் சில விநாடியில் மறுபிறவி கிடைக்கும். நிஜத்தில் அது கிடையாது. ஆனால் "கஷ்டமா, சுலபமா" என்ற கேள்வி அங்கேயும் உண்டு.

மிக்-21 போர் விமானம் 1963-ல் இந்திய விமானப் படையில் சேர்ந்தது. 2025 செப்டம்பரில் ஓய்வு பெற்றது. அதை ஓட்டுவது லேசான காரியம் அல்ல. தரை இறங்கும்போதே மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் வேகம் இருக்கும்.

இளம் விமானிகள் மெதுவாகப் போகும் பயிற்சி விமானத்தில் பழகிவிட்டு, நேராக அந்த வேகத்துக்குத் தாவ வேண்டி இருந்தது. நடுவில் ஒரு படி இல்லை. விபத்துகள் நடந்தன. இளைஞர்கள் பலர் உயிர் இழந்தார்கள். விபத்துகளுக்குக் காரணங்கள் பல. அவற்றில் இந்த இடைவெளியும் ஒன்று.

நடுப்படியாக ஒரு நவீன ஜெட் பயிற்சி விமானம் வேண்டும் என்று லா போன்டைன் தலைமையிலான குழு 1982-ல் சிபாரிசு செய்தது. "ஹாக்" என்ற அந்தப் பயிற்சி விமானம் விமானப் படையில் சேர்ந்தது 2008 பிப்ரவரியில்! ஒரு படிக்கட்டு வைக்க 26 ஆண்டுகள்.

கற்றுக்கொடுப்பவர்களுக்கும் பயிற்சி தேவை. விமானப் படையின் பயிற்றுநர்களை உருவாக்கும் பள்ளி 1954 முதல் சென்னைக்கு அருகே தாம்பரத்தில் இயங்குகிறது.

இந்தியாவிலேயே உருவான தேஜஸ் போர் விமானத்தில் வேறு அதிசயம். வானத்தில் சட்டென்று திரும்ப வேண்டும் என்பதற்காக அதை வேண்டுமென்றே நிலை இல்லாததாக வடிவமைத்தார்கள். விமானியின் கை மட்டும் அதை அடக்க முடியாது. கம்ப்யூட்டர் இடைவிடாமல் திருத்திக்கொண்டே இருப்பதால் விமானி அதை அமைதியாக ஓட்டுகிறார். 2001 ஜனவரியில் முதன் முதலாகப் பறந்த அந்த விமானத்தின் படைப்பிரிவு 2018 முதல் கோவை அருகே சூலூரில் தங்கியது.

விமானம் கஷ்டமானதுதான். ஆனால் மனிதனுக்குக் கை கொடுக்கிற விதத்தில் அமைத்தால் அந்தக் கஷ்டமே பலம் ஆகிறது. விளையாட்டில் கற்ற பாடமும் இதுதான்.

தாய்மார் கவனிக்க

குமரி மாவட்டத்தில் விமான நிலையம் இல்லை. பக்கத்தில் இருப்பது திருவனந்தபுரம். ஆனாலும் 2017 நவம்பர் கடைசியில் ஒகி புயல் அடித்தபோது, கடலுக்குப் போன மீனவர்களைத் தேடிக் கப்பல்களும் விமானங்களும் ஹெலிகாப்டர்களும் அலைந்ததை இந்தக் கடற்கரை மறக்காது. விமானம் எதற்கு என்று பிள்ளைகள் கேட்டால் அதையும் சொல்லலாம்.

விளையாட்டை ஒரேயடியாக ஏசுவதைவிட, அதைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. மூன்று விஷயங்களை மட்டும் கவனித்தால் போதும்.

முதலாவது, வயது. சில விளையாட்டுகள் 18 வயது ஆனவர்களுக்கு மட்டுமே. வாங்கும்போதே வயது போட்டிருக்கும். பார்த்துக் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, நேரம். பப்ஜியின் இந்தியப் பதிப்பு 2023-ல் திரும்பி வந்தபோது, 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நாளைக்கு 3 மணி நேரம் என்று வரம்பு வைத்தார்கள். வீட்டில் அதற்கும் குறைவாக வரம்பு வைத்தால் தவறு இல்லை.

மூன்றாவது, பணம். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் பார்லிமெண்ட் சட்டம் இயற்றியது. துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகள் அந்த வகை அல்ல. ஆனால் அவற்றிலும் கடை உண்டு. சில விளையாட்டுகளில் விமானத்தையே நிஜப் பணத்துக்கு விற்கிறார்கள். தகப்பனாரின் வங்கிக் கணக்கு செல்போனில் திறந்து கிடந்தால், விமானம் பறக்கும், பணமும் பறக்கும்!

காசு கொடுத்து வாங்கிய பலத்தை யாரும் மதிப்பது இல்லை என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். ஆடு புலி ஆட்டத்தில் காசு கொடுத்து நாலாவது புலியை வாங்க முடியுமா?

மாற்றி ஆடுவோம்!

கம்ப்யூட்டர் விளையாட்டின் முன்னோடிகளில் ஒருவர் நோலன் புஷ்னெல். 1972-ல் அடாரி நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். நல்ல விளையாட்டு என்பது கற்க எளிதாகவும் கைதேரக் கடினமாகவும் இருக்க வேண்டும் என்பது அவர் பெயரால் வழங்கும் விதி.

விமானத்துக்கும் அதுவே பொருந்தும். முதல் நாள் ஏறுகிறவன் விழாமல் பறக்க வேண்டும். நூறாவது நாள் ஏறுகிறவனுக்கு இன்னும் கற்க ஏதாவது இருக்க வேண்டும். தரையில் நிற்கிறவனுக்குத் தப்பிக்க ஒரு வழி, கூட்டாகத் திருப்பி அடிக்க ஒரு வழி, இரண்டும் வேண்டும்.

எல்லாம் செய்தும் கணக்கு உதைத்தால் கடைசி வழி ஒன்று இருக்கிறது. சில விளையாட்டுகளில் ஒரு சுற்று முடிந்ததும் இரு பக்கமும் இடம் மாறிக்கொள்கிறார்கள்.

நாஞ்சில் நாட்டுத் திண்ணைகளில் ஆடு புலி ஆடிய சிறுவர்களுக்கு இந்த யோசனையை யாரும் சொல்லித் தர வேண்டியது இல்லை. முதல் ஆட்டத்தில் புலி வைத்தவன் அடுத்த ஆட்டத்தில் ஆடு வைப்பான். புலியாக இருந்து ஆட்டை வெட்டியவனுக்கு, ஆடாக நிற்பது எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரியும்!